பழைய பிலிப்ஸ் வால்வு ரேடியோவை பார்த்தே கம்பெனி கதையை படிக்கிறது எப்படி

பரண்ல இருந்தோ, ஊர்ல பழைய வீட்டை காலி பண்ணும்போதோ ஒரு பிலிப்ஸ் வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டர் வர்றதுக்கு முன்னாடி, பல்பு மாதிரி கண்ணாடி குழாய் வச்சு ஓடின ரேடியோ, அந்த குழாய்தான் வால்வு) உங்க கைக்கு வந்திருக்குன்னு வைங்க. மொத விஷயம், அதை கரண்ட்ல மாட்டாதீங்க. பாடுதான்னு மட்டும் பார்க்கலாமேன்னு பிளக்க சொருகற அந்த அஞ்சு செகண்டுலதான் நிறைய நல்ல செட்டு செத்துப்போகுது, அத்தனை வருஷம் சும்மா கிடந்த கண்டென்சர் ஷார்ட் ஆகி டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரிச்சுடும். கரண்ட் கொடுக்கறது கடைசி வேலை, அது எப்படின்னு கீழ சொல்றேன்.

அதுக்கு முன்னாடி பெட்டிய படிக்கணும். எந்த வருஷம் செஞ்சது, எந்த நாட்டு ஃபேக்டரி, அந்த நேரத்துல கம்பெனி என்ன பண்ணிட்டு இருந்துச்சு, எல்லாம் அதுமேலயே நம்பராவும் எழுத்தாவும் முத்திரையாவும் இருக்கு. தான் செஞ்ச சாமான் மேல இவ்ளோ ஒழுங்கா குறிப்பு போட்டு வச்ச ரேடியோ கம்பெனி ரொம்ப கம்மி, அதனாலதான் புதுசா இந்த பக்கம் வர்றவங்கள பிலிப்ஸ்லயே ஆரம்பிங்கன்னு சொல்றேன்.

வேணுங்கற சாமான் பெருசா ஒண்ணும் இல்ல. டார்ச் லைட், ஒரு பூதக்கண்ணாடி (போன் கேமராவுல ஜூம் பண்ணாலும் ஓகே), ஒரு இன்ச் பெயின்ட் பிரஷ் புதுசா ஒண்ணு, ஸ்க்ரூ டிரைவர், ஒரு நோட்டு. துணிய மட்டும் கிட்ட கொண்டுவராதீங்க, முக்கியமா ஈரத்துணி. வால்வு கண்ணாடி மேல இருக்கற எழுத்து லேசா தேச்சாலே போயிடும், நாம தேடி வந்த விஷயமே அதுதான். தூசிய பிரஷால மெதுவா தட்டி விடுங்க போதும். ஒவ்வொண்ணையும் தொடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்குங்க, பின்பக்கம், உள்பக்கம், டயல், ஒயர் எது எங்க போகுதுன்னு எல்லாமே.

பெட்டிய படிக்கணும்னா ஆரம்ப கதை கொஞ்சம் தெரிஞ்சிருக்கணும். பிலிப்ஸ் ரேடியோ கம்பெனியா ஆரம்பிக்கல, பல்பு கம்பெனியாதான் ஆரம்பிச்சாங்க. 1891ல நெதர்லாந்துல ஐந்தோவன்ங்கற ஊர்ல ஜெரார்ட் பிலிப்ஸ்ங்கற இன்ஜினியரும் அவரோட அப்பா ஃப்ரெடரிக்கும் சேர்ந்து போட்ட கம்பெனி, கார்பன் இழை பல்பு செஞ்சு வித்தாங்க. 1895ல ஜெரார்டோட தம்பி ஆன்டன் உள்ள வந்தார், அண்ணன் செய்ய தம்பி விக்கன்னு ஆச்சு. (இந்த ஃப்ரெடரிக் வேற யாரும் இல்ல, காரல் மார்க்ஸோட உறவுக்காரர், மார்க்ஸோட அம்மா கூடப்பிறந்த தங்கச்சியைத்தான் ஃப்ரெடரிக்கோட அப்பா கல்யாணம் பண்ணியிருந்தார்.) பல்புக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா, ரெண்டுமே கண்ணாடி குடுவை, உள்ள காத்தை உறிஞ்சி எடுக்கணும், ஒரு இழை சூடாகணும். பல்பு நல்லா செய்யத் தெரிஞ்சவனுக்கு வால்வு செய்யற வித்தை பாதி ஏற்கனவே கைல இருக்கு. 1914ல ஜில்ஸ் ஹோல்ஸ்ட்ங்கற விஞ்ஞானிய வச்சு சொந்தமா ஒரு ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினாங்க, 1918ல இட்செர்டாங்கற டச்சு ஆளுக்காக ரேடியோ வால்வு செஞ்சு கொடுத்தாங்க, அந்த இட்செர்டாதான் 1919 நவம்பர் 6ம் தேதி ஹேக் நகரத்துல தன் வீட்டுல இருந்து அறிவிச்சுட்டு ஒலிபரப்பு நடத்துனவர். முழு ரேடியோ பெட்டின்னு பிலிப்ஸ் வெளியிட்டது 1927ல, மாடல் 2501. அதுல இருந்து அஞ்சே வருஷத்துல, 1932ல, பத்து லட்சம் ரேடியோ செஞ்சு முடிச்சிருந்தாங்க. இந்த வேகத்த மனசுல வச்சுக்கிட்டு இப்ப பெட்டிக்கு வாங்க.

மொதல்ல முத்திரை

முன்பக்கத்துலயோ பின் அட்டைலயோ பிலிப்ஸ் சின்னம் இருக்கும். ஒரு வட்டம், உள்ள மூணு அலைக்கோடு, நாலு நட்சத்திரம். இந்த வட்டம் ஒரு கேடயத்துக்குள்ள உக்காந்து மேல பிலிப்ஸ்னு எழுதியிருந்தா செட்டு 1938க்கு அப்புறம். கேடயம் இல்லாம வெறும் வட்டம் மட்டும்னா ரெண்டாம் உலகப்போருக்கு முந்தினதா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, அப்படி ஒண்ணு கிடைச்சா அதை ரொம்ப பத்திரமா பார்த்துக்குங்க. அலை ரேடியோ அலை, நட்சத்திரம் வானம், 1920கள்ல வால்வு டப்பா மேல போட ஆரம்பிச்ச படம்தான் இது.

பெட்டியோட உடம்பும் ஒரு அடையாளம். கறுப்பு இல்ல அடர் பழுப்புல வழவழன்னு தட்டினா கண்ணாடி மாதிரி சத்தம் வந்தா அது பேக்லைட்ங்கற பழைய கெட்டி பிளாஸ்டிக் வகை, பிலிப்ஸ் அதை தானே தயாரிச்சு ஃபிலைட்னு பேரு வச்சிருந்தாங்க. அதுல தின்னர், பெட்ரோல் எதுவும் போடாதீங்க. மரப்பெட்டியா இருந்தா மேல ஒட்டியிருக்கற மெல்லிசு பலகை எங்கயாவது தூக்கியிருக்கான்னு பாருங்க, ஈரத்துல தூக்கிக்கும், அதை பசை போட்டு கிளாம்ப் வச்சு ஒட்டிடலாம், பெரிய பிரச்சனை இல்ல.

பின் அட்டை நம்பர்

இனிமேதான் சுவாரசியமே. பெட்டிய திருப்பி பின்னாடி ஓட்டை போட்ட அட்டைய பாருங்க, மாடல் நம்பர் இருக்கும். போருக்கு அப்புறம் வந்த ஐரோப்பிய பிலிப்ஸ் செட்டுங்கள்ல இந்த நம்பர் ஒரு சங்கேத எழுத்து, அதை படிக்க தெரிஞ்சா வருஷம் உடனே வந்துடும். உதாரணத்துக்கு பிஎக்ஸ் 594 ஏ (BX594A). மொத எழுத்து பி, அப்படின்னா மேசை மேல வைக்கற கரண்ட் ரேடியோ (எல் (L)னா தூக்கிட்டு போற பேட்டரி செட்டு, என் (N)னா கார் ரேடியோ). ரெண்டாவது எழுத்து எந்த நாட்டு சந்தைக்குன்னு சொல்லும், எக்ஸ் பொதுவானது, டி (D) ஜெர்மனி, எஃப் பிரான்ஸ், ஐ இத்தாலி. அப்புறம் வர்ற மூணு நம்பர்ல மொதல்ல இருக்கற 5 ரகம், நம்பர் ஏற ஏற விலை கூடுன செட்டு. நடுவுல இருக்கற 9தான் வருஷம், 1949. கடைசி 4 அந்த வருஷத்து வரிசைல அதோட இடம். அம்பதுகளோட நடுவுல இருந்து இந்த வரிசைய கொஞ்சம் மாத்தி ரகத்த முன்னாடி இழுத்துட்டாங்க, பி5எக்ஸ்72ஏ அப்படின்னு வரும், அதுல 5 ரகம், 7ங்கறது 1957.

நம்ம ஊர் செட்டுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியாவுல பிலிப்ஸ் 1930ல கல்கத்தாவுல கம்பெனி ஆரம்பிச்சு மொதல்ல பல்புதான் வித்தாங்க, 1948ல அங்கயே ரேடியோ செய்ய ஆரம்பிச்சாங்க, 1959ல புனே பக்கம் ரெண்டாவது ரேடியோ ஃபேக்டரி வந்துச்சு. இங்க செஞ்ச செட்டுல ரெண்டாவது எழுத்து எல்லாம் வேற மாதிரி வரும், அதனால நம்பர மட்டும் நம்பி வருஷம் முடிவு பண்ணாதீங்க, கீழ சொல்ற வால்வு கணக்கோட ஒத்துப்போகுதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கடைசி எழுத்த எல்லாரும் கவனிக்காம விட்டுடறாங்க, ஆனா உயிர் போற விஷயம் அதுலதான் இருக்கு. ஏ (A)ன்னு இருந்தா ஏசி மட்டும், உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. பி (B)ன்னா பேட்டரி. யு (U)ன்னு இருந்தா ஏசி டிசி ரெண்டுலயும் ஓடற செட்டு, அந்த காலத்துல பல ஊர்ல டிசி கரண்ட்தான் சப்ளை, வீடு மாறினா ரேடியோவும் வீணாகக்கூடாதுன்னு இப்படி செஞ்சாங்க. யு செட்டுல கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, மெயின்ஸ்ல ஒரு ஒயர் நேரா சேசிஸ்ல (உள்ள பாகம் எல்லாம் உக்காந்திருக்கற தகரத்தட்டு) ஏறும். பிளக்க எந்த பக்கமா சொருகறீங்கங்கறத பொறுத்து அந்த தகரம் முழுக்க 230 வோல்ட் நிக்கலாம். குமிழோட பக்கவாட்டுல சின்ன ஓட்டை இருக்கும், உள்ள ஒரு குட்டி ஸ்க்ரூ, அந்த ஓட்டைய ஃபேக்டரிலயே மெழுகு வச்சு அடைச்சிருப்பாங்க, விரல் அந்த ஸ்க்ரூல படக்கூடாதுன்னுதான். மெழுகு உதிர்ந்து போயிருந்தா திரும்ப வச்சு அடைங்க, அழகுக்கு வச்சதுன்னு நெனைச்சு நோண்டி எடுத்துடாதீங்க.

வால்வு எழுத்து

பின் அட்டைய கழட்டுங்க, பிளக் சுவத்துல இல்லன்னு ஒருக்கா உறுதி பண்ணிட்டு. உள்ள அஞ்சாறு கண்ணாடி குழாய் நிக்கும். அது மேல இருக்கற பேர்தான் இந்த ரேடியோவுலயே பெரிய புதையல், ஏன்னா பிலிப்ஸும் ஜெர்மனி டெலிஃபங்கனும் முப்பதுகள்ல ஒரு பொதுவான பேர் முறைக்கு வந்தாங்க, ஐரோப்பா முழுக்க அதையே பிடிச்சுக்குச்சு. மொத எழுத்து இழைக்கு என்ன கரண்ட் வேணும்னு சொல்லும். ஏ (A)ன்னா 4 வோல்ட், இ (E)ன்னா 6.3 வோல்ட், டி (D)ன்னா பேட்டரி செட்டோட 1.4 வோல்ட், யு (U)ன்னா 100 மில்லி ஆம்பியர், அதாவது யு செட்டுல எல்லா வால்வு இழையும் வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணு கோத்திருக்கும், ஒண்ணு அறுந்தா மொத்தமும் இருட்டு, பழைய சீரியல் செட் பல்பு மாதிரியேதான். அதுக்கப்புறம் வர்ற எழுத்துங்க உள்ள என்ன இருக்குன்னு சொல்லும். சி ட்ரையோடு (உள்ள மூணு மின்முனை), எஃப் பென்டோடு (அஞ்சு), எச் ஸ்டேஷன் அலைய மாத்தற ஹெப்டோடு (ஏழு), எல் ஸ்பீக்கர ஓட்டற பவர் பென்டோடு, எம் ஸ்டேஷன் சரியா பிடிச்சிருக்கான்னு காட்ட பச்சையா எரியற மேஜிக் ஐ, ஒய்யும் இசட்டும் ஏசிய டிசியாக்கற ரெக்டிஃபையர். அப்ப இசிஎச்81னா 6.3 வோல்ட் இழை, உள்ள ஒரு ட்ரையோடு, ஒரு ஹெப்டோடு, முடிஞ்சுது.

கடைசில வர்ற நம்பர்தான் காலத்த காட்டிக்கொடுக்கும். இஎல்3, இபிஎல்1 மாதிரி ஒத்தை நம்பர் வந்தா பெரும்பாலும் போருக்கு முந்தின வகை. நம்பர் இருபதுகள்ல இருந்தா (இசிஎச்21 மாதிரி) 1940ஐ ஒட்டி. நம்பர் முப்பதுகள்ல இருந்தா எட்டு முள் ஆக்டல். நம்பர் நாப்பதுகள்ல இருந்தா, இசிஎச்42, இஎல்41 எல்லாம், ரிம்லாக்ங்கற வகை, 1947 சுமாருக்கு வந்து அம்பதுகள் பாதி வரைக்கும் ஓடுச்சு. நம்பர் எண்பதுகள்ல இருந்தா நோவல்னு சொல்ற ஒம்பது முள் வால்வு, இசிஎச்81, இஎஃப்89, இஎல்84, நம்ம ஊர்ல மிச்சம் இருக்கற செட்டுல அதிகம் கண்ணுல படறது இதுதான், அம்பது அறுபதுகளோட ரேடியோ. நம்பர் தொண்ணூறுகள்ல இருந்தா ஏழு முள் குட்டி வால்வு. ஒரு செட்டுல எல்லா வால்வும் ஒரே குடும்பமா இருந்தா நல்லது, ஒண்ணு மட்டும் தனியா நின்னா பின்னாடி யாரோ மாத்தியிருக்காங்க. ரெக்டிஃபையர மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஏஇசட்1 எல்லாம் போருக்கு முன்னாடி வந்து போருக்கு அப்புறமும் ரொம்ப நாள் ஓடின வால்வு.

இதுக்கும் மேல துல்லியமா போகணுமா, வால்வோட கண்ணாடில அடிப்பக்கம் ரொம்ப சின்னதா ரெண்டு வரி மங்கலா பொறிச்சிருக்கும், டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சாதான் தெரியும். இது அம்பதுகள் நடுவுல இருந்து பழக்கத்துக்கு வந்தது. மேல் வரி வால்வு வகைக்கான குறி. கீழ் வரில மொதல்ல ஃபேக்டரி, அப்புறம் வருஷத்தோட கடைசி நம்பர், அப்புறம் மாசத்துக்கு ஒரு எழுத்து, ஆங்கில அகரவரிசைல மொத எழுத்து ஜனவரி, பன்னெண்டாவது எழுத்து டிசம்பர், கடைசில எத்தனாவது வாரம். சின்ன முக்கோணம் போட்டு 8, சி, 2ன்னு இருந்தா நெதர்லாந்து ஹீர்லன் ஃபேக்டரில எட்டுல முடியற வருஷம் மார்ச் ரெண்டாவது வாரம் செஞ்சது. முக்கோணத்துக்கு பதிலா பி எழுத்துன்னா இங்கிலாந்து பிளாக்பர்ன்ல இருந்த முல்லார்டு ஃபேக்டரி, டி (D)ன்னா ஜெர்மனி ஹாம்பர்க்ல இருந்த வால்வோங்கற வால்வு கம்பெனி ஃபேக்டரி. அந்த எட்டு 1958ஆ 1968ஆன்னு குழப்பம் வரும், அதுக்குத்தான் மாடல் நம்பரையும் சேர்த்து பார்க்க சொன்னேன்.

முல்லார்டுன்னு பேர் போட்ட வால்வ பார்த்து வேற கம்பெனி சாமான்னு நெனைக்கறவங்க நிறைய பேர். 1927ல இருந்தே முல்லார்டு முழுசா பிலிப்ஸ் கைல, வால்வோவும் பிலிப்ஸ் குடும்பம்தான். ஒரே பெட்டிக்குள்ள மூணு நாட்டு வால்வு இருந்தா அது ஒட்டுப்போட்ட ரேடியோன்னு அர்த்தம் இல்ல. பெல்னு எழுதியிருந்தா அது நம்ம பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ், 1961ல ரேடியோ வால்வு செய்ய ஆரம்பிச்சாங்க, அதே ஐரோப்பிய பேர்தான் போட்டாங்க, அதனால நேரா மாத்தி சொருகலாம். பெல் வால்வு இருந்தா அந்த ரேடியோவ அறுபதுகளுக்கு அப்புறம் யாரோ அக்கறையா ரிப்பேர் பார்த்திருக்காங்க, இல்ல செட்டே அந்த காலத்துதுன்னு எடுத்துக்கலாம்.

எழுத்து அழிஞ்சு போன வால்வா இருந்தா தூக்கிப்போடாதீங்க. அதை கழட்டி (நேரா மேல, கொஞ்சம் கொஞ்சமா ஆட்டி, திருகாம) கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜ்ல வச்சுட்டு எடுத்து வாயால ஊதிப்பாருங்க, பனி படியும்போது பழைய எழுத்து நிழலா தெரியும். அப்படியே மண்டைல வெள்ளி பூசுன மாதிரி இருக்கற இடத்தையும் பாருங்க, வெள்ளி பளபளன்னா உயிர் இருக்க வாய்ப்பு இருக்கு, பால் மாதிரி வெளுத்துப்போயிருந்தா உள்ள காத்து புகுந்துடுச்சு, அந்த வால்வு அவ்ளோதான்.

எஃப், எல் எழுத்து போட்ட வால்வ கைல எடுக்கும்போது ஒரு நிமிஷம் நின்னு பாருங்கன்னு கேட்டுக்கறேன். பென்டோடு பிலிப்ஸ் வீட்டு பிள்ளை, 1926ல அவங்க ஆராய்ச்சிக்கூடத்துல பெர்னார்ட் டெலிஹன் கண்டுபிடிச்சது. அதுக்கு முன்னாடி இருந்த டெட்ரோடுல (நாலு மின்முனை வால்வு) ஒரு கோளாறு, எலக்ட்ரான் வேகமா வந்து தகட்டுல மோதும்போது தகட்டுல இருந்தே வேற எலக்ட்ரான் தெறிச்சு பக்கத்து கிரிட்டுக்கு (உள்ள இருக்கற கம்பிச்சுருள்) ஓடிடும், சத்தம் கெட்டுப்போகும். டெலிஹன் நடுவுல இன்னொரு கிரிட் வச்சு தெறிச்சத திரும்ப தகட்டுக்கே விரட்டிவிட்டார். அந்த ஒரு கம்பிச்சுருள்தான் சின்ன வால்வ வச்சு பெரிய ஸ்பீக்கர ஓட்ட வச்சுது, அதுக்கப்புறம் வந்த வால்வு ரேடியோவுல பெரும்பாலானதுல ஸ்பீக்கர் பக்கம் அதோட வம்சம்தான் நிக்குது.

இஎஃப்50ன்னு ஒரு வால்வு இருக்கு, உங்க ரேடியோவுல இருக்காது, ஆனா கதை தெரிஞ்சுக்கணும். டிவிக்காக பிலிப்ஸ் செஞ்ச பென்டோடு அது, இங்கிலாந்துக்காரங்க தங்களோட ரேடாருக்கு அதையே நம்பியிருந்தாங்க. 1940 மே 10ம் தேதி ஜெர்மனி நெதர்லாந்துக்குள்ள புகுந்துச்சு, அதுக்கு சற்று முன்னாடிதான் லாரி நிறைய, 25,000 வால்வுன்னு சொல்வாங்க, கடல் தாண்டி இங்கிலாந்து போய் சேர்ந்துச்சு. ஆன்டன் பிலிப்ஸ் அமெரிக்கா போயிட்டார், அவர் மகன் ஃப்ரிட்ஸ் மட்டும் ஊர்லயே தங்கிட்டார். 1942 டிசம்பர் 6ல பிரிட்டிஷ் விமானங்களே வந்து ஐந்தோவன் ஃபேக்டரி மேல குண்டு போட்டுச்சு, அது ஜெர்மனிக்காக ஓடிட்டு இருந்ததால, பொதுமக்கள் நூறு பேருக்கு மேல செத்தாங்க. ஃப்யுக்ட்ங்கற முகாம்ல அடைச்சிருந்த யூதர்கள, இவங்க இல்லாம எங்க உற்பத்தி நடக்காதுன்னு ஜெர்மன்காரங்ககிட்ட வாதாடி ஃப்ரிட்ஸ் வேலைல வச்சுக்கிட்டார், அப்படி உயிர் பொழைச்சவங்க 382 பேர். வால்வு செய்ய தெரிஞ்ச கைங்கறதே ஒரு கேடயமா இருந்திருக்கு. 1946, 47 செட்டு உங்ககிட்ட இருந்தா, குண்டு விழுந்த அந்த ஊர் திரும்ப எழுந்து செஞ்ச பெட்டி அது.

டயல்

கண்ணாடி டயல்ல ஊர் பேர் வரிசையா இருக்கும். ஹில்வெர்சம், லக்சம்பர்க், லண்டன்னு மட்டும் இருந்தா ஐரோப்பாவுக்கு செஞ்சது, யாரோ வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்திருப்பாங்க. டெல்லி, சிலோன், மெட்ராஸ்னு இருந்தா நம்ம சந்தைக்கு. அடுத்து எத்தனை ஷார்ட்வேவ் பேண்ட் இருக்குன்னு எண்ணுங்க, நம்ம ஊருக்கு வந்த செட்டுங்கள்ல ஷார்ட்வேவ் அதிகமா இருக்கும், ஐரோப்பிய செட்டுல லாங்வேவ் இருக்கும், இங்க லாங்வேவ்ல ஒலிபரப்பே கிடையாது.

ஷார்ட்வேவ்ல பிலிப்ஸுக்கு தனி பாசம் உண்டு. 1927 மார்ச் மாசம் ஐந்தோவன்ல இருந்து பிசிஜேஜேன்னு ஒரு சோதனை நிலையத்த 30.2 மீட்டர்ல ஓட்டுனாங்க, அது அன்னைக்கு டச்சுக்காரங்க கைல இருந்த ஜாவாவுல, இன்னைய இந்தோனேசியாவுல, தெளிவா கேட்டுச்சு. அதே வருஷம் வில்ஹெல்மினா ராணி அந்த மைக்ல பேசினாங்க. வால்வு விக்கத்தான் இதெல்லாம் பண்ணாங்கன்னு சொல்றவங்க உண்டு, இருக்கட்டுமே, கண்டம் தாண்டி குரல் போகும்னு வீட்டு ரேடியோ வச்சிருக்கறவனுக்கு காட்டுனதுல அவங்களுக்கு பெரிய பங்கு இருக்கு.

டயல்ல மீட்டர் போட்டிருந்தா இன்னைய கணக்குக்கு மாத்தறது சுலபம், 3 லட்சத்த கிலோஹெர்ட்ஸால வகுத்தா மீட்டர், மீட்டரால வகுத்தா கிலோஹெர்ட்ஸ். சென்னை ஏ 720 கிலோஹெர்ட்ஸ், அப்ப டயல்ல 417 மீட்டர் பக்கம் முள்ள வைங்க. திருச்சி 936, கிட்டத்தட்ட 320 மீட்டர். கேசின்னு போட்டிருந்தா அது கிலோசைக்கிள், கிலோஹெர்ட்ஸும் அதுவும் ஒண்ணுதான். வீட்டுல பெரியவங்க 41 மீட்டர்ல சிலோன் கேட்போம்னு சொல்லியிருப்பாங்க, வகுத்து பார்த்தா 7300 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும், டயல்ல அந்த இடத்துல கண்ணாடிக்கு பின்னாடி பெயின்ட் தேஞ்சிருக்கா, குமிழ் அந்த பக்கமே லூசா இருக்கான்னுகூட பாருங்க. டயல் கண்ணாடியோட உள்பக்கம் எழுத்த எக்காரணம் கொண்டும் தண்ணி விட்டு துடைக்காதீங்க, ஒரே இழுப்புல ஊரெல்லாம் அழிஞ்சுபோகும், திரும்ப கிடைக்காது.

இதோட வீட்டு பீரோவையும் தேடுங்க. ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்த காலம், போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டி புக்குல முத்திரை வாங்கணும், எண்பதுகள் நடுவுலதான் அத எடுத்தாங்க. அந்த புக்கு கிடைச்சா செட்டோட நம்பரும் வாங்கின வருஷமும் அதுல இருக்க வாய்ப்பு உண்டு. ரேடியோ பெட்டிக்கு உள்ள, பக்கவாட்டு பலகைல கடைக்காரர் ஸ்டிக்கர், மெக்கானிக் பென்சில்ல எழுதின தேதி, இதெல்லாமும் போட்டோ எடுத்து வைங்க.

மாடல் நம்பர் எல் (L)ல ஆரம்பிச்சு டி (T)ன்னு முடிஞ்சா டிரான்சிஸ்டர் செட்டு, அம்பதுகள் கடைசில வர ஆரம்பிச்சது, வால்வு காலம் முடியற இடம். அதுக்கு அப்புறம் 1963ல கேசட், 1982ல சோனியோட சேர்ந்து சிடின்னு பிலிப்ஸ் வேற பாதைல போச்சு, சிப் பிரிவு 2006ல என்எக்ஸ்பின்னு தனியா போயிடுச்சு, 2016ல பல்பு பிரிவையே தனியா பிரிச்சு விட்டுட்டாங்க, இன்னைக்கு அந்த கம்பெனி முக்கியமா ஆஸ்பத்திரி மெஷின் செய்யுது.

இப்ப கரண்ட்

யு செட்டா இருந்து உங்களுக்கு வால்வு ரேடியோ பழக்கம் இல்லன்னா இதோட நிறுத்திட்டு வயசான ரேடியோ மெக்கானிக் யாரையாவது பிடிங்க, மெயின்ஸோட நேரடி தொடர்ப பிரிச்சு வைக்கற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம யு செட்ட திறந்து வச்சு ஓட்டக்கூடாது. ஏ செட்டா இருந்து சோல்டரிங் தெரிஞ்சா மேல போகலாம்.

துணி சுத்தின பழைய மெயின்ஸ் ஒயர மொதல்ல மாத்துங்க, உள்ள ரப்பர் பொடிப்பொடியா உதிரும். பின்னாடி வோல்டேஜ் தேர்வு தட்டு இருக்கும், 110, 125, 145, 200, 220, 245ன்னு, நம்ம கரண்ட் 230, சமயத்துல 240ம் வரும், அதனால 245ல வைங்க. அடுத்து ஒரு கண்டென்சர் இருக்கு, அதை மட்டும் மாத்தாம கரண்ட் காட்டவே கூடாது. ஆடியோ ட்ரையோடோட தகட்டுல இருந்து எல் வால்வோட கிரிட்டுக்கு போறது, மதிப்பு சாதாரணமா 0.01 மைக்ரோஃபாரட்ல இருந்து 0.022க்குள்ள இருக்கும். அது கொஞ்சம் கசிஞ்சாகூட எல் வால்வு கிரிட்ல பாசிட்டிவ் ஏறி வால்வு கன்னாபின்னான்னு சூடாகி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் காலி பண்ணிடும். 630 வோல்ட் பாலியஸ்டர் ஒண்ணு பத்து இருபது ரூபாய்க்குள்ள கிடைக்கும், சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்த கடைலயும் இருக்கும். தார் பூசுன மாதிரி கறுப்பா இருக்கற மத்த கண்டென்சரும் முடிஞ்சா மாத்துங்க, ஒவ்வொண்ணா, ஒண்ண கழட்டி அதே இடத்துல ஒண்ண போட்டுட்டு அடுத்ததுக்கு போங்க, எல்லாத்தையும் மொத்தமா பிடுங்கினா எது எங்கன்னு தெரியாம போகும். பெரிய டப்பா ஃபில்டர் கண்டென்சருக்கு பதிலா 47 மைக்ரோ 450 வோல்ட் ரெண்டு, அடில மறைச்சு வச்சு பழைய டப்பாவ இணைப்ப மட்டும் கழட்டி மேல அப்படியே விட்டுடுங்க. மெயின்ஸ் ஒயர்ல நேரா உக்காந்திருக்கற கண்டென்சருக்கு மட்டும் மெயின்ஸ்க்குனே வர்ற பாதுகாப்பு ரகம்தான் போடணும், சாதா ரகம் வேணாம்.

அப்புறம் சீரிஸ் பல்பு. 60 வாட் குண்டு பல்பு, எல்இடி ஆகாது, அதை ரேடியோவோட வரிசைல கோத்து சுவிட்ச் போடுங்க. பல்பு ஒரு தடவை பளிச்சுன்னு வந்து மங்கலாயிட்டா சரி, முழுசா எரிஞ்சுட்டே இருந்தா உள்ள ஷார்ட், உடனே அணைங்க. சத்தம் வர இருபது முப்பது செகண்ட் ஆகும், வால்வு சூடாகணும்ல. அந்த நேரத்துல மூக்கையும் கண்ணையும் உள்ள வைங்க, கைய வைக்காதீங்க, எல் வால்வோட தகடு செவக்குதான்னு பாருங்க. அணைச்சதுக்கு அப்புறமும் ஃபில்டர் கண்டென்சர்ல 250 வோல்ட்டுக்கு மேல நிக்கும், 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர இன்சுலேஷன் போட்ட கிளிப்ல பிடிச்சு சேசிஸுக்கு டிஸ்சார்ஜ் பண்ணி, மீட்டர்ல பார்த்துட்டுதான் தொடணும்.

ஸ்பீக்கர் கிழிஞ்சிருந்தா மாத்தறதுக்கு முன்னாடி அதுல எழுதியிருக்கறத படிங்க. அம்பதுகள் கடைசில பிலிப்ஸ் சில செட்டுல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாம ரெண்டு இஎல்86 வச்சு 800 ஓம் ஸ்பீக்கர நேரா ஓட்டுனாங்க, அதுல 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டினா வால்வு தாங்காது. பேப்பர் கோனை நல்ல ஆள்கிட்ட ஒட்ட கொடுக்கறதுதான் வழி.

உள்ள இருக்கறத எல்லாம் பிடுங்கிட்டு புளூடூத் போர்டு வைக்கறவங்கள பார்த்தா எனக்கு நெஜமாவே வலிக்குது, தேவையே இல்லாத வேலை. பின்னாடி கிராமபோன் படம் போட்ட ரெண்டு ஓட்டை இருக்கும், இசைத்தட்டு மாட்டறதுக்கு. ஏ செட்டுல போனோட ரெண்டு சேனலையும் ஆளுக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா சேர்த்து அந்த ஓட்டைல கொடுங்க, பேண்ட் குமிழ கிராமபோனுக்கு திருப்புனா பாட்டு அந்த வால்வு வழியாவே வரும். யு செட்டுல இதை செய்யவே செய்யாதீங்க.

ரேடியோ கேக்கறதுக்கு ஏரியல் வேணும், மொட்டை மாடில அஞ்சு பத்து மீட்டர் ஒயர், ரெண்டு பக்கமும் இன்சுலேட்டர், மழை இடின்னா கழட்டிடணும். மீடியம்வேவ் ராத்திரில தூரத்து ஸ்டேஷனும் இழுக்கும், எல்இடி லைட், சார்ஜர் எல்லாத்தையும் அணைச்சுட்டு கேளுங்க, இன்னைக்கு இரைச்சல்ல முக்கால்வாசி அதுங்களோடதுதான்.

கழட்டின பழைய கண்டென்சர், வால்வு எதையும் குப்பைல போடாதீங்க, ஒரு கவர்ல போட்டு, மாத்தின தேதி, மதிப்பு, நீங்க கண்டுபிடிச்ச மாடல் வருஷம், வால்வு குறி எல்லாம் ஒரு தாள்ல எழுதி பெட்டிக்குள்ள அடில வைங்க, எல் வால்வு, ரெக்டிஃபையர் சூடு படாத மூலையா பார்த்து.